தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிபயர்

அறிவியல் பக்கம். எழுதியது: 9-ஆம் வகுப்பு மாணவி



இந்த மாதம் அறிவியல் பக்கம் என்னோட முறை. டீச்சர் செயற்கைக்கோள் பத்தி எழுதச் சொன்னாங்க. நான் எங்க வீட்டுப் பரண்மேல இருக்கிற ஒரு சாமானைப் பத்தி எழுதட்டுமான்னு கேட்டேன். "பாடம் இருக்கணும், வெறும் கதையா இருக்கக் கூடாது"ன்னு சொல்லி சம்மதிச்சாங்க. அதனால பாடமும் இருக்கும், கணக்கும் இருக்கும். கணக்கு வந்ததும் ஓடிடாதீங்க.

அந்த சாமான் ஒரு இரும்புப் பெட்டி. தூக்கிப் பார்த்தா 15 கிலோவுக்குக் குறையாது. எங்க தாத்தா 1970களில் நம்ம ஊரிலும் சுத்துப்பட்டுக் குப்பங்களிலும் மைக் செட் கட்டினவர். கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாத்துக்கும் அவர்தான். அப்போ வச்சிருந்த ஆம்ப்ளிபயர் இது. போன மாசம் காயலாங்கடை அண்ணன் வந்து பார்த்துட்டு, "உள்ள செம்பு இருக்குது, 700 ரூபா தரேன்"னாரு. அம்மாவுக்கும் குடுத்துடலாம்னுதான் நினைப்பு. பரண்ல இடம் வேணும். தாத்தா ஒண்ணுமே பேசல. ஆனா அன்னிக்கு ராத்திரி அவர் சோறு சாப்பிடல.

மறுநாள் நான் கேட்டேன், "ஏன் தாத்தா, அது சத்தமே போடாத பொட்டிதானே?"

"அது எப்பவுமே சத்தம் போட்டதில்ல பாப்பா. சத்தம் போட்டது நாம. அது நம்ம சத்தத்தைப் பெருசாக்குச்சு, அவ்ளோதான்" என்றார்.

எப்படிப் பெருசாக்கும்? செல்போன்ல வால்யூம் பட்டனை அமுக்குறோம், சத்தம் கூடுது. உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது, பார்க்கவும் முடியாது. தாத்தா பெட்டியில அதைப் பார்க்கலாம். மூடியைக் கழட்டினா கத்தரிக்காய் அளவுல கண்ணாடிக் குழாய்கள் நிக்குது. அதுக்குப் பேர் வால்வு. புத்தகத்துல வெற்றிடக் குழாய்னு போட்டிருக்கும்.

இந்தக் கதை பல்பில் இருந்து ஆரம்பிக்குது. 1883-ல் எடிசன் தன்னோட பல்பு உள்பக்கம் ஏன் கறுத்துப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணினார். பல்புக்குள்ள மின்னிழையைத் தொடாம ஒரு தகடு வச்சுப் பார்த்தார். தகட்டுக்கு நேர்மின்னழுத்தம் குடுத்தா, நடுவுல கம்பியே இல்லாம மின்னோட்டம் போச்சு! எதிர்மின்னழுத்தம் குடுத்தா போகல. அவருக்கு அதுக்குக் காரணம் தெரியல. எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்குன்னு ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடிச்சதே 1897-லதான்.

காரணம் நமக்கு ரொம்பப் பக்கத்துலயே இருக்கு. அளத்துல பாத்தியில நிக்கிற தண்ணி வெயில் ஏற ஏற ஆவியாப் போகுது இல்லையா? அதே மாதிரி உலோகத்தைச் சூடாக்கினா அதில் இருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி வெளியே வருது. எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டவர் ரிச்சர்ட்சன். அவருக்கு 1928-ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைச்சுது. வெளியே வந்த எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை. அதனால நேர்மின்வாயா இருக்கிற தகடு அதை இழுத்துக்கும். வழியில காத்து இருந்தா மோதிக்கிட்டே போகணும், சூடான இழையும் எரிஞ்சு போயிடும். அதனாலதான் கண்ணாடிக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துடறாங்க. இந்தக் காத்து விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வரும்.

1904-ல் லண்டனில் ஃபிளெமிங் என்பவர் எடிசன் பார்த்த இந்த விந்தையை வேலைக்கு வச்சார். அவர்தான் இதுக்கு வால்வுன்னு பேர் வச்சவர். நம்ம அளத்து மோட்டாருக்கு அடியில புட் வால்வு இருக்கும் பாருங்க, தண்ணி மேலே ஏறும், திரும்பிக் கீழே இறங்காது. ஃபிளெமிங் வால்வும் அப்படித்தான். மின்னோட்டம் ஒரே பக்கமாத்தான் போகும்.

ஆனா புட் வால்வு எதையும் பெருசாக்காது. பெருசாக்குற வித்தை 1906-ல் அமெரிக்காவில் டி ஃபாரஸ்ட் செஞ்சது. சூடான மின்வாய்க்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு கம்பி வலையை வச்சார். அதுக்குப் பேர் கிரிட். இது என்ன செய்யுதுன்னு எனக்குப் புரியவே இல்ல. நாலு நாள் யோசிச்சேன். அஞ்சாம் நாள் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கிட்டு அளத்துக்குப் போனேன். வாய்க்கால்ல தண்ணி நிரம்பி நிக்குது. அம்மா மடையில இருந்து ஒரு கை மண்ணை எடுத்தாங்க. அவ்ளோதான், பாத்தி முழுக்கத் தண்ணி பாய்ஞ்சுது. மறுபடி ஒரு கை மண்ணை வச்சாங்க, நின்னு போச்சு. தண்ணியை அம்மா தூக்கி ஊத்தல. ஓடுறதுக்குத் தண்ணி ஏற்கெனவே தயாரா நிக்குது. அம்மா கை மடையை மட்டும்தான் கேட்டுது.

கிரிட்தான் மடை. தகட்டுல 300, 400 வோல்ட் மின்னழுத்தம் வாய்க்கால் தண்ணி மாதிரி தயாரா இருக்கு. மைக்கில் இருந்து வர்ற சின்ன மின்னழுத்தம் கிரிட்டுக்குப் போகுது. கிரிட் கொஞ்சம் கூடுதல் எதிர்மின்னா ஆச்சுன்னா எலக்ட்ரான்கள் தடுக்கப்பட்டு ஓட்டம் குறையும். எதிர்மின் குறைஞ்சா ஓட்டம் கூடும். மைக்கில் நம்ம குரல் எப்படி ஏறி இறங்குதோ அப்படியே தகட்டுப் பக்கத்துப் பெரிய ஓட்டமும் ஏறி இறங்கும். தாத்தா சொன்னது இப்பத்தான் சரியாப் புரிஞ்சுது. பெரிய சத்தத்துக்கு வேணும்கிற பலம் நம்ம குரல்ல இருந்து வரல, மின்சாரத்தில் இருந்து வருது. நம்ம குரல் மடையைத் திறந்து மூடுது.

இப்போ கணக்கு. தாத்தா மைக் தர்றது ஏறத்தாழ 0.002 வோல்ட். டார்ச் லைட் செல் 1.5 வோல்ட், அதை 750-ஆல வகுத்தா வர்றது இது. முதல் வால்வு இதை 50 மடங்காக்கினா 0.1 வோல்ட். ரெண்டாவது வால்வு இன்னொரு 50 மடங்கு, 5 வோல்ட். மூணாவது 5 மடங்கு, 25 வோல்ட். கூட்டக் கூடாது, பெருக்கணும்: 50 × 50 × 5 = 12,500 மடங்கு. இந்த 25 வோல்ட் கடைசியில இருக்கிற ரெண்டு பெரிய வால்வுக்குப் போகுது. தாத்தா பெட்டியில அது இ.எல்.34 என்கிற ரகம். ஒரு ஜோடி சேர்ந்தா 30 வாட்டுக்கு மேலேயே தரும்.

ஏன் கடைசியில மட்டும் ரெண்டு? மரம் அறுக்கிற பெரிய ரம்பத்தைப் பார்த்திருக்கீங்களா? இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஒருத்தர் இழுக்கும்போது மத்தவர் விடுவார். அதே மாதிரி ஒலி அலையோட மேல் பாதியில ஒரு வால்வு அதிகமா இழுக்கும், கீழ் பாதியில இன்னொண்ணு. ரெண்டு ஆளும் ஒரே பலத்துல இருக்கணும். ஒருத்தர் சோர்ந்தா ரம்பம் கோணும், இங்கே சத்தம் கோணும்.

அப்புறம் ஒயர் விஷயம். இதை நான் தாத்தாகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், புத்தகத்துல இல்ல. கோயில்ல ஆம்ப்ளிபயர், ஆனா கோன் ஸ்பீக்கர் எங்கேயோ குப்பத்துக் கடைசிப் பனைமரத்துல. அவ்வளவு தூரம் ஒயர் இழுத்தா ஒயரே மின்சாரத்தைத் தின்னுடும். 30 வாட்டை 15 வோல்ட்டா அனுப்பினா 2 ஆம்பியர் போகும். ஒயரோட மின்தடை 4 ஓம்னு வச்சுக்கோங்க. வீணாகிறது ஓட்டத்தின் வர்க்கம் பெருக்கல் தடை: 2 × 2 × 4 = 16 வாட். பாதிக்கு மேல போச்சு! அதே 30 வாட்டை டிரான்ஸ்பார்மர் வச்சு 100 வோல்ட்டாக்கி அனுப்பினா 0.3 ஆம்பியர்தான். 0.3 × 0.3 × 4 = 0.36 வாட். அரை வாட்கூட வீணாகல. ஸ்பீக்கர்கிட்ட இன்னொரு சின்ன டிரான்ஸ்பார்மர் வச்சு மறுபடி இறக்கிக்குவாங்க. மின்வாரியம் உயர் அழுத்தக் கம்பியில மின்சாரம் கொண்டுவர்றதும் இதே காரணத்துக்காகத்தான். காயலாங்கடை அண்ணன் கண்ணு வச்ச செம்பு இந்த டிரான்ஸ்பார்மர்ல சுத்தியிருக்கிறது.

நம்ம மாநிலத்துல வால்வு பேச ஆரம்பிச்சு நூறு வருஷம் தாண்டிடுச்சு. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பிச்சார். அந்த வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பும் தொடங்குச்சு. காசு இல்லாம 1927-ல் நின்னு போச்சு. கிளப்பு தன்னோட ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் குடுத்துடுச்சு. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்துச்சு. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வச்சாங்க, மாநகராட்சிப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் நிகழ்ச்சி போட்டாங்க. ரேடியோ வாங்க வசதி இல்லாதவங்க கடற்கரை மணல்ல உட்கார்ந்து பாட்டு கேட்டிருக்காங்க. 1938 ஜூன் 16-ல் சென்னையில் அகில இந்திய வானொலி வந்துது. சினிமாவும் வால்வாலதான் பேசுச்சு. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' தியேட்டர்ல கேக்கணும்னா ஆம்ப்ளிபயர் வேணும், அப்போ ஆம்ப்ளிபயர்னா வால்வுதான்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1941-ல் அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செஞ்சு தர முடியும்னு சொன்னார். அஞ்சு வால்வுல ஒண்ணு ஸ்டேஷனைப் பிடிச்சு மாத்தும், ஒண்ணு அதைப் பெருக்கும், ஒண்ணு அதில் இருந்து பாட்டைப் பிரிச்சு எடுக்கும், ஒண்ணு ஸ்பீக்கரைத் தள்ளும், ஒண்ணு மின்சாரத்தை ஒரே பக்கமா ஓடவைக்கும், அதாவது புட் வால்வு வேலை. எங்க பாட்டி காலத்துல நம்ம கடலோரத்துல இலங்கை வானொலி அருமையா கேக்குமாம். அதுவும் இப்படிப்பட்ட ரேடியோவுலதான்.

வால்வு பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்துதான் வந்துக்கிட்டு இருந்துது. 1954-ல் பெங்களூரில் அரசாங்கம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியைத் தொடங்குச்சு. அங்கே 1961-ல் வால்வு செய்ய ஆரம்பிச்சாங்க. தாத்தா பெட்டியில இருக்கிற பெரிய வால்வு ரெண்டும் அந்தக் கம்பெனியோடது, கண்ணாடி மேல எழுத்து பாதி அழிஞ்சும் தெரியுது. நம்ம எழுத்தாளர் சுஜாதா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு இந்தக் கம்பெனியிலதான் இஞ்சினியரா இருந்தார். தமிழய்யாவுக்கு இது பிடிக்கும்னு எழுதியிருக்கேன்.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வால்வு பெருசாக்கும், சரி. ஆனா ஒழுங்காப் பெருசாக்காது. நம்ம குரலோட, அதில் இல்லாத சத்தத்தையும் சேர்த்துடும். வால்வு பழசானா பலம் குறையும். கரண்ட் ஏறி இறங்கினா இதுவும் ஏறி இறங்கும். தொலைபேசிக் கம்பெனிக்கு இது பெரிய தலைவலி. நீளமான லைன்ல ஒண்ணு மாத்தி ஒண்ணா நிறைய ஆம்ப்ளிபயர் இருக்கும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கெடுத்தா கடைசியில பேச்சே புரியாது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்துல ஹரால்டு பிளாக் என்கிற இஞ்சினியர் இதைப் பத்தி வருஷக்கணக்கா யோசிச்சுக்கிட்டு இருந்தார். 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலையில வேலைக்குப் போறார். ஹட்சன் ஆத்துல படகுல போகும்போது பளிச்சுன்னு விடை தோணுச்சு. கையில காகிதம் இல்ல. வச்சிருந்த செய்தித்தாளிலேயே படமும் கணக்கும் எழுதிட்டார். அந்த விடை இதுதான்: வெளியே வர்ற சத்தத்துல கொஞ்சத்தை எடுத்து, தலைகீழாக்கி, உள்ளே போறதோட சேர்த்துடு. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே மாதிரி இருந்தா கொஞ்சம் பெருக்கம் குறையும், அவ்ளோதான். எங்கே வால்வு தப்புப் பண்ணுதோ அங்கே அந்தத் தப்பே தலைகீழா திரும்பி வந்து தன்னை அழிச்சுக்கும். இதுக்குப் பேர் எதிர்ப் பின்னூட்டம்.

அம்மா இதைத் தினமும் பண்றாங்க. பாத்தித் தண்ணியில திரவமானியை விட்டு டிகிரி பார்ப்பாங்க. 25 டிகிரி வாக்குல உப்பு இறங்கும். அதிகமா ஏறிட்டா கசப்பு உப்பும் கூட வந்துடும். டிகிரி ஏறினா மடையைத் திறப்பாங்க, குறைஞ்சா அடைப்பாங்க. ஏறினதுக்குக் காரணம் வெயிலா, காத்தான்னு அம்மா பார்க்கிறதில்ல. பாத்தியில என்ன இருக்குன்னு பார்த்து மடையைத் திருத்துறாங்க. பிளாக்கும் வால்வு ஏன் தப்புப் பண்ணுதுன்னு கேக்கிறதை விட்டுட்டு, என்ன வெளியே வந்துதுன்னு பார்த்து உள்ளே திருத்தினார்.

இதோட அழகு கணக்குல தெரியும். ஒரு ஆம்ப்ளிபயர் 1000 மடங்கு பெருக்குது. வெளியே வர்றதுல 20-ல் ஒரு பங்கைத் தலைகீழா திருப்பி அனுப்புறோம். சூத்திரம்: பெருக்கத்தை, 1 + (பெருக்கம் ÷ 20) ஆல் வகுக்கணும். 1000 ÷ (1 + 50) = 19.6 மடங்கு. அடடா, 1000 போய் 19.6 ஆயிடுச்சேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. இப்போ வால்வு பழசாகி 1000-ல் இருந்து 500-க்கு இறங்கிடுச்சுன்னு வைங்க. 500 ÷ (1 + 25) = 19.2. வால்வு பாதி செத்துப் போச்சு, ஆனா வெளியே கேக்கிறவருக்கு நூத்துக்கு ரெண்டு பங்குகூட மாத்தம் இல்ல! நான் இதை மூணு தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சரும் பார்த்துட்டாங்க.

பலத்தை வீணாக்கினாத்தான் நல்லா இருக்கும்னு சொன்னா யார் நம்புவாங்க? பிளாக்குக்குக் காப்புரிமை கிடைக்க 1937 வரைக்கும் ஆச்சு.

அதுக்கு எதிரான நேர்ப் பின்னூட்டம் உங்க எல்லாருக்கும் தெரியும். திருவிழாவுல மைக்கை எடுத்துக்கிட்டு ஸ்பீக்கர் முன்னாடி போனா "கூய்ய்ங்"னு கத்தும் பாருங்க. ஸ்பீக்கர் சத்தம் மைக்குல போகுது, பெருசாகுது, மறுபடி மைக்குல போகுது. தலைகீழாக்காம அப்படியே திரும்பி வர்றதால வர்ற வினை அது. எதிர்ப் பின்னூட்டத்திலும் இந்த ஆபத்து ஒளிஞ்சிருக்கு. டிரான்ஸ்பார்மர் மட்டமா இருந்தா ரொம்பக் கீச்சான ஒலியில அலை தாமதமா வரும். தலைகீழா வர வேண்டியது நேரா வந்து சேரும். உடனே பெட்டியே கத்த ஆரம்பிச்சுடும்.

இந்த ஆபத்தை அடக்கினவர்களில் ஒருத்தர் இங்கிலாந்தில் வில்லியம்சன். 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்கிற பத்திரிகையில தன்னோட ஆம்ப்ளிபயர் படத்தை வெளியிட்டார். 15 வாட் சத்தம், அதில் பிசகு நூத்துக்கு 0.1 பங்குதான். டிரான்ஸ்பார்மரை எப்படிச் சுத்தணும்னுகூட விவரமா எழுதினார். எத்தனையோ நாட்டுல ஆளுங்க அதைப் பார்த்து வீட்டுலயே செஞ்சாங்க. அதே 1947-ல், டிசம்பர் மாசம், பிளாக் வேலை செஞ்ச அதே பெல் ஆய்வுக்கூடத்துல டிரான்சிஸ்டரைக் கண்டுபிடிச்சாங்க! வால்வு நல்லாப் பேசக் கத்துக்கிட்ட வருஷமே அதோட இடத்தைப் பிடிக்கிறதும் பொறந்துடுச்சு.

டிரான்சிஸ்டர் ஏன் ஜெயிச்சுதுன்னு சுலபமாச் சொல்லலாம். ஒரு இ.எல்.34 வால்வைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட், 1.5 ஆம்பியர் வேணும். பெருக்கினா ஏறத்தாழ 9.5 வாட். நம்ம வீட்டு எல்.இ.டி. பல்பு ஒண்ணு எரியற மின்சாரம், ஒரு சத்தமும் வர்றதுக்கு முன்னாடியே போயிடுது. டிரான்சிஸ்டருக்குச் சூடே வேணாம். ஆனா வால்வு இன்னும் சாகல. ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்னும் செய்யறாங்க, கிட்டார் வாசிக்கிறவங்க தேடி வாங்கறாங்க. மைக்ரோவேவ் அடுப்புக்குள்ள இருக்கிற மேக்னெட்ரானும் ஒரு வெற்றிடக் குழாய்தான். பிளாக்கோட எதிர்ப் பின்னூட்டம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்லயும் அப்படியே இருக்கு.

இப்போ எங்க வீட்டுப் பெட்டிக்கு வர்றேன். அப்பா அதை பைக்ல கட்டி திண்டிவனத்துல பழைய ரேடியோ பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனார். நானும் போனேன். நேரா பிளக்குல சொருகாதீங்கன்னு அவர் கத்தினார். ஒரு குண்டு பல்பைத் தொடர் இணைப்புல போட்டுத்தான் கரண்ட் குடுத்தார். உள்ளே எங்கேயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், பெட்டி தப்பிக்கும். மின்சாரத்தைச் சமனாக்குற கண்டென்சர் ரெண்டும் காஞ்சு போயிருந்துது. அதுங்க கெட்டா "உம்ம்"னு 100 ஹெர்ட்ஸ் சத்தம் வரும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டோட ரெண்டு பாதியும் ஒரே பக்கம் திரும்பறதால 100. அதை மாத்திட்டார். வால்வு கால்கள்ல நம்ம ஊர் உப்புக்காத்து பச்சைக் களிம்பா படிஞ்சிருந்துது, அதைத் தேய்ச்சு எடுத்தார்.

கரண்ட்டை நிறுத்தின பிறகும் அவர் உடனே கை வைக்கல. ஒரு ரெசிஸ்டரை வச்சுக் கண்டென்சரைக் காலி பண்ணினார். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுக்குள்ள 400 வோல்ட் தங்கியிருக்குமாம். உங்க வீட்டுல பழைய வால்வு ரேடியோ இருந்தா தயவு செஞ்சு நீங்களா திறக்காதீங்க. இதை நான் சிவப்பு மையில எழுதியிருக்கேன்.

பெரிய வால்வு ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார். ஒண்ணுல கண்ணாடி உள்பக்கம் கண்ணாடி மாதிரி வெள்ளியாப் பளபளக்குது. இன்னொண்ணுல அதே இடம் பால் மாதிரி வெள்ளை. அந்தப் பளபளப்பு பேரியம் பூச்சு. உள்ளே மிச்சம் மீதி இருக்கிற காத்தை உறிஞ்சிக்கிறதுக்காகப் பூசறது. வெள்ளையானா வெளிக்காத்து உள்ளே புகுந்துடுச்சுன்னு அர்த்தம். கால் பக்கத்துல மயிரிழை அளவு விரிசல் இருந்துது. முதல்ல சொன்னேனே, காத்து இருந்தா எலக்ட்ரான் போக முடியாதுன்னு, அதுதான் இது. ரம்பத்துல ஒரு ஆள் போயாச்சு.

புதுசு வாங்கினா ஜோடியாத்தான் வாங்கணும், மூணாயிரம் நாலாயிரம் ஆகும்னார். அப்பா என்னைப் பார்த்தார், நான் பெட்டியைப் பார்த்தேன். திரும்பக் கட்டிக் கொண்டு வந்துட்டோம்.

தாத்தாகிட்ட வெள்ளையான வால்வைக் காட்டினேன். அவருக்கு இப்போ காதும் சரியாக் கேக்காது. வாங்கித் தடவிப் பார்த்துட்டு, "இதுவாவது செத்துச்சுன்னு வெளிய தெரியுது" என்றார். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

அம்மா அன்னிக்கு எதுவும் சொல்லல. மறுநாள் காலையில அளத்துக்குக் கிளம்பும்போது, "மழைக்கு முன்னாடி கணக்கு முடிப்பாங்க இல்ல, அப்ப பார்க்கலாம்"னாங்க. காயலாங்கடை அண்ணனுக்கு வேணாம்னு சொல்லியாச்சு. பரண்ல இருந்த பழைய பாய் ரெண்டைத் தூக்கிப் போட்டுட்டோம், இடம் வந்துடுச்சு.

அந்த வெள்ளை வால்வையும் பளபளக்குற வால்வையும் ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்ல பஞ்சு வச்சு, இந்தத் தாளுக்குக் கீழே இருக்கிற மேசையில வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும். பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். பாட்டிலைத் திறக்க வேணாம்.